காளைக்கன்றின் பருவமாற்றம்

காளைக்கன்று எக்காலத்திற் காளையாகின்றது? கழுத்துத் தடித்து, குரல் கனத்து, தலை தாழ்த்தி மண்ணைக் கிளறத் தொடங்கும்போது என்பர் பலர். புறத்தே தோன்றும் அக்குறிகள் கடைசியில் வருபவை. அவற்றிற்குரிய வேலை, கன்று பால்குடிக்கும் வயதிலேயே அதன் தலையினுள் தொடங்கிவிடுகின்றது.

ஹாலந்திலும் வடஜெர்மனியிலும் தோன்றி, இன்று பல நாடுகளிலும் பாலுக்காக வளர்க்கப்பெறும் ஹோல்ஸ்டீன் இனத்துக் கன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மூளையின் அடிப்புறத்தே ஹைப்பொதலாமஸ் என்னும் பகுதி உள்ளது. அஃது அனுப்பும் ஒருவகை ஹார்மோன், கீழுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவுகின்றது. அச்சுரப்பியோ விதைகளை ஏவும் லூட்டினைஸிங் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றது. இவ்வேவல் வாய்க்கால் நீர்போல் ஓயாது வருவதன்று. நாடித்துடிப்பைப்போல் விட்டுவிட்டு வருவது. பிறந்த கன்றினிடத்து இத்துடிப்புகள் மிக அரியன. ஏறத்தாழ 2ஆம் திங்கள் முதல் 5ஆம் திங்கள் வரை அவை நெருங்கி எழும், பின்னர்த் தணியும். இக்குறுகிய எழுச்சியே பின் நிகழ்வன யாவற்றிற்கும் வித்து.

அவ்வேவலால் விதையிலுள்ள லேடிக் உயிரணுக்கள் முதிர்ந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். (1935ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து எர்ன்ஸ்ட் லாக்கூர் என்பாரும் அவர்தம் துணைவரும் இப்பொருளை முதன்முதற் பிரித்தெடுத்தது காளைகளின் விதைகளிலிருந்தேயாம். ஏறக்குறைய 100 கிலோகிராம் விதைகளிலிருந்து அவர்களுக்குக் கிட்டியது 10 மில்லிகிராமே!) அதனுடனே, விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்ட்டோலி உயிரணுக்களும் பெருகுகின்றன. ஒரு செவிலி பேணக்கூடிய பிள்ளைகளுக்கு அளவுண்டன்றோ? அதுபோல் ஒவ்வொரு செர்ட்டோலி உயிரணுவும் ஓரளவு விந்தணுக்களையே தாங்கும். அவை பெருகுவதோ சுமார் 6 திங்கள் வரைதான். வளர்ந்த காளையின் ஆற்றலுக்கு எல்லை பெரும்பாலும் அப்பொழுதே அமைந்துவிடுகின்றது.

ஒருமுறை வெளிப்படும் விந்தில் 5 கோடி விந்தணுக்களேனும் இருந்து, அவற்றுட் பத்திலொன்றேனும் இயங்குமாயின், கன்று பருவமெய்தியது என்பது ஆராய்ச்சியாளர் கொண்ட அளவு. ஹோல்ஸ்டீன் கன்றுகளில் இது பெரும்பாலும் 9 முதல் 12 திங்களுக்குள் நிகழும்.

இனி, பால்பண்ணைக்காரர் கவனிக்கத்தக்கது ஒன்று. கிடாரிக்கன்றுக்கு நிறையப் பாலூட்டிக் காளைக்கன்றை அரைவயிறாக விடும் வழக்கம் உண்டு. பின்னர்த் தீனியிட்டுத் தேற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான சோதனையில், இளமையில் உணவு குறைக்கப்பெற்ற கன்றுகளுக்கு மேற்கூறிய எழுச்சி குன்றிற்று. பின்னர் மிகுதியாகத் தீனியிட்டும் விதைகள் சிறுத்தே நின்றன, பருவமும் தாமதித்தது. அவை இறைச்சிக்குரிய இனங்கள். ஒன்டாரியோ மாகாணத்து ஹோல்ஸ்டீன் கன்றுகளிலும், முதல் ஏழு திங்கள் நன்கு உண்டவை, குறைவாய் உண்டவற்றினும் ஒரு திங்களுக்கு மேல் முந்திப் பருவமெய்தின.

ஒரு திங்கள் முந்துவதில் என்ன ஊதியம் எனலாம். முன்னெல்லாம் ஒரு காளையின் தரத்தை அறிய, அதன் பெண்கன்றுகள் வளர்ந்து கறவைக்கு வரும்வரை பல ஆண்டுகள் காத்திருந்தனர். 2009 முதல் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் கன்றின் மரபணுவைச் சோதித்து இளமையிலேயே மதிப்பிடும் முறை நடைபெறுகின்றது. தரம் தெரிந்த கன்றைத் தொழுவத்தில் வைத்துக் காக்கும் ஒவ்வொரு நாளும் செலவே. ஆயினும் பருவமெய்திய அன்றே காளை பயன்படுமென எண்ணற்க. முதலில் வரும் விந்தில் ஊனமுற்ற அணுக்கள் மிகுதி. அவை குறையச் சில திங்கள் கழியும். ஒரு விந்தணு உருவாவதற்கே ஏறக்குறைய 61 நாட்கள் ஆகும்.