வண்டி சொந்தம், நிலம் வாடகை

பணி ஓய்வு பெற்றதும் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, சமையலறை, கழிவறை அனைத்தும் அடங்கிய பெரிய வண்டியொன்றில் குடியேறும் தம்பதியர் அமெரிக்காவில் உண்டு. ஆர்.வி. எனப்படும் இவ்வண்டிகள் நின்று தங்குவதற்கென்றே அரிசோனா, டெக்சஸ், புளோரிடா முதலிய வெப்ப மாநிலங்களில் முதியோர் முகாம் குடியிருப்புகள் இயங்குகின்றன. பிள்ளைகளைக் காண அங்கே செல்லும் நம் வாடிக்கையாளர்கள் இவற்றைக் கண்டிருக்கக்கூடும். இந்த வாழ்க்கையின் வரவு செலவை மட்டும் இங்கே பார்ப்போம்.

நம் நாட்டில் வீடு வாங்குபவருக்கு மனையும் சேர்ந்தே கிடைக்கிறது. கட்டடம் பழையதாகி மதிப்பிழந்தாலும் பெரும்பாலும் மனையின் மதிப்பு அதை ஈடுசெய்துவிடும். ஆர்.வி.யில் அந்த ஈடு இல்லை. வாங்கிய நாள் முதலே தேய்மானம் தொடங்கிவிடுகிறது. கடனோ பத்து, பதினைந்து, சில வேளைகளில் இருபது ஆண்டுகளுக்கு நீள்கிறது. எனவே, நிலுவைத் தொகை வண்டியின் விலையைவிட மிகுந்து நிற்கும் காலம் ஒன்று வருகிறது. அப்போது விற்றாலும் கடன் தீராது. வேடிக்கை என்னவெனில், படுக்கை, சமையல், கழிவறை வசதிகள் இருப்பின், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அமெரிக்க வருமான வரிச் சட்டம் அதை வீடாகவே ஏற்று வட்டிக்குக் கழிவு அளிக்கிறது. சந்தை மட்டும் அதை வண்டியாகவே மதிக்கிறது.

இட வாடகையில் பெரும் வேறுபாடு உண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே அரசுக்குச் சொந்தமான பாலைநிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கான கட்டணம் பல ஆண்டுகளாக 180 டாலராகவே இருந்து வந்தது. ஆனால் வண்டி நிற்குமிடத்தில் மின்சாரமோ குடிநீரோ கிடையாது. இணைப்புகள் அனைத்தும், நீச்சல் குளமும் உள்ள தனியார் முகாம்களில் மாத வாடகை பன்மடங்கு. வாடகை உயர்ந்தால் வேறிடம் போகலாமே எனத் தோன்றும். பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்க மறுக்கும் முகாம்களும் இருப்பதால், வண்டி பழையதாக ஆக அந்தச் சுதந்திரமும் சுருங்குகிறது.

முகவரி இன்னொரு சிக்கல். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வாக்குரிமை ஆகியவற்றுக்கு நிலையான முகவரி வேண்டும். 1978இல் தொடங்கப்பட்டு, டெக்சஸின் லிவிங்ஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்கேப்பீஸ் என்ற சங்கம், உறுப்பினர்களுக்கு முகவரி தந்து, கடிதங்களை அவர்கள் இருக்குமிடத்துக்கு அனுப்பி வைக்கிறது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாதது கூடுதல் வசதி.

வண்டி ஓட்ட இயலாத முதுமைதான் நம் பார்வையில் மிகக் கடினமான கணக்கு. வீடு விற்ற பணம் முழுவதும் வண்டியில் முடங்கியிருந்தால், மீண்டும் செங்கல் வீட்டுக்குத் திரும்ப முதல் இராது. இதை உணர்ந்தே அச்சங்கத்தினர் லிவிங்ஸ்டனில் பராமரிப்பு மையம் ஒன்றையும் ஏற்படுத்தினர். அங்கே முதியவர் தம் வண்டியை நிறுத்தி, அதிலேயே தொடர்ந்து வசிக்கிறார். மூன்று வேளை உணவும் அன்றாட உதவியும் மையத்தில் கிடைக்கின்றன.