ஊழியரின் பல்வலியும் முதலாளியின் நட்டமும்

பெருநாள் சீசன். கடையில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து காசாளர் தம்பி கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். "இந்த ஒரு வாரத்தைச் சமாளியுங்கள்" என்று கூறி இரண்டு பெனடோல் கொடுக்கிறோம். எம்மில் பலருக்கும் இது பழக்கமான காட்சிதான். ஆனால் அந்த வலி அன்று வந்ததல்ல. பல மாதங்களாக வளர்ந்தது. அதில் எமது கடையின் வேலைப் பளுவுக்கும் பங்கிருக்கலாம்.

மன அழுத்தம் நீடிக்கும்போது உடலில் கோர்ட்டிசோல் என்னும் ஹோர்மோன் அதிகரிக்கிறது. இதனால் நோய் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. பல்லிடுக்கில் தங்கும் கிருமிகள் முரசை இலகுவாகத் தாக்குகின்றன. சிலர் தூக்கத்தில் தம்மை அறியாமலேயே பல்லை நெறுமுவர். காலையில் தாடை வலியும் தலைவலியும் இருந்தால் இதுவும் காரணமாகலாம். நாளடைவில் பல் தேயும், வெடிக்கும். உமிழ்நீர் குறைந்து வாய் வறண்டால் பற்சிதைவும் விரைவுபடும்.

பழக்கங்களும் மாறுகின்றன. களைப்பில் இரவுப் பல் துலக்கல் தவறுகிறது. சீனி கூடிய தேநீர், சிகரட், வெற்றிலை கூடுகின்றன. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2003இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவதும் வாய்ப் புற்றுநோயே.

இனி கணக்கைப் பார்ப்போம். சிறு குழியை ஆரம்பத்திலேயே அடைத்தால் அரை நாள் லீவு போதும். விட்டுவிட்டால் வேர்ச் சிகிச்சை, அல்லது பல்லைப் பிடுங்குதல். செலவும் கூடும், லீவும் கூடும். வேலைக்கு வந்தாலும் வலியோடு நிற்பவர் மிச்சக் காசைப் பிழையாகக் கொடுப்பார், வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவார்.

முதலாளிமார் செய்யக்கூடியவை:

• சீசன் தொடங்க முன்னர் ஒவ்வொருவருக்கும் சம்பளத்துடன் அரை நாள் லீவு கொடுத்து பல் வைத்தியரிடம் அனுப்புங்கள். அரச வைத்தியசாலைகளில் பல் சிகிச்சை இலவசம்.

• சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்குங்கள். குடிநீர் எப்போதும் இருக்கட்டும்.

• புளோரைட் பற்பசையால் காலையிலும் படுக்க முன்னரும் பல் துலக்கும்படி நினைவூட்டுங்கள்.

• வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

கடை வாகனத்தை நேரத்துக்கு சர்விஸ் செய்ய நாம் மறப்பதில்லை. அந்தக் கடையையே சுமந்து நிற்கும் ஊழியருக்கு அரை நாள் கொடுப்பது பெரிய நட்டமா?