அடிக்கும் முன்பே உடைந்த பெட்டி

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். மகன் கைப்பேசியில் விளையாடினாலும் கணினியில் விளையாடினாலும், களம் காடானாலும் விண்கலமானாலும், மூலையில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. அடித்தால் நொறுங்குகிறது, உள்ளிருந்து தோட்டாவோ மருந்தோ நாணயமோ விழுகிறது. "இந்தப் பெட்டியை விட்டால் இவர்களுக்கு வேறு பொருளே கிடைக்காதா?"

கிடைக்கும். ஆனால் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. கேமில் நாம் காணும் உருவங்கள் பெரும்பாலும் முக்கோணங்களால் ஆனவை. இன்றைய கேமில் ஒரு மனித முகத்துக்கு அவை ஆயிரக்கணக்கில் தேவைப்படும். பெட்டிக்குப் பன்னிரண்டு போதும்: ஆறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு. ஒரே பலகைப் படத்தை ஆறு பக்கமும் ஒட்டிவிடலாம். கோணாமல் நேராக நிற்கும் இரண்டு பெட்டிகள் முட்டுகின்றனவா என்று பார்க்க, நீளம் அகலம் உயரம் மூன்றிலும் சேர்த்து ஆறே ஒப்பீடுகள். கணினிக்கு இதைவிடச் சுலபமான வேலையைக் கொடுப்பது கடினம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981இல் 'டாங்கி காங்' பீப்பாய்களை உருட்டியது; 1982இல் வந்த ஜப்பானின் 'சோக்கோபான்' கிடங்கில் பெட்டி தள்ளுவதையே முழு விளையாட்டாக்கியது. 1996இல் வெளியான 'கிராஷ் பேண்டிகூட்'டை உருவாக்கும்போது, களங்கள் வெறிச்சோடித் தெரிவதை நாட்டி டாக் நிறுவனம் கண்டது. மேலும் எதிரிகளை வரைய அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் திராணியில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவைதான் அதன் புகழ்பெற்ற பெட்டிகள். 1998இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாடுவோர் கையில் ஒரு கடப்பாரையைக் கொடுத்தது. 2000இல் 'ஓல்டு மேன் மர்ரே' என்ற இணைய இதழ், முதல் பெட்டி கண்ணில் பட எத்தனை விநாடி ஆகிறது என்பதை வைத்தே கேம்களுக்கு மதிப்பெண் போட்டது.

இனி, பெட்டி எப்படி உடைகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். இதில்தான் உண்மையான அழகு இருக்கிறது.

நொடிக்கு 60 படம் காட்டும் கேமில், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் ஒளி, நிழல், எதிரியின் அசைவு எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மரத்தில் விரிசல் எங்கே தொடங்கும், எப்படி ஓடும் என்று அந்த நேரத்தில் ஆராய முடியாது. அதனால் பெரும்பாலான கேம்களில் பெட்டி உடைவதே இல்லை, மாற்றப்படுகிறது. கடப்பாரை படும் கணத்தில் முழுப்பெட்டி மறைந்து, அதே இடத்தில், முன்கூட்டியே துண்டுகளாக வெட்டி அடுக்கிவைத்த இன்னொரு பெட்டி வந்து நிற்கிறது. இயற்பியல் கணக்கைச் செய்யும் மென்பொருள் அந்தத் துண்டுகளைச் சிதறவிடுகிறது. 2004இல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'இல் ஹாவோக் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்தது.

முன்கூட்டியே வெட்டுவதற்கு ஒரு கணிதம் உண்டு. ஒரு தாளில் மனம்போனபடி சில புள்ளிகள் வையுங்கள். தாளின் ஒவ்வோர் இடமும் தனக்கு மிக அருகில் உள்ள புள்ளிக்கே சொந்தம் என்று பிரித்தால், எல்லைக்கோடுகள் தாமாகத் தோன்றிவிடும். 1908இல் மறைந்த உக்ரேனியக் கணித அறிஞர் கியோர்கி வொரோனோயின் பெயரால் இதை அழைக்கிறார்கள். தாளுக்குப் பதில் பெட்டிக்குள் புள்ளிகளைத் தூவினால், கோடுகளின் இடத்தில் தட்டையான வெட்டுகள் கிடைக்கும். கட்டைகளை வெட்டும் இந்த முறையில் பிறக்கும் எந்தத் துண்டிலும் உட்குழிவு இருக்காது. அதனால் பெரிய லாபம் உண்டு. உட்குழிவில்லாத இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று தொடவில்லை என்றால், அவற்றுக்கிடையே ஒரு தட்டையான அட்டையை நிச்சயம் செருகலாம். அட்டை நுழையுமா என்று மட்டும் கணினி பார்த்தால் போதும்; மோதல் கணக்கு முடிந்தது.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இப்படி வெட்டினால் துண்டுகள் கருங்கல் சில்லுகளைப்போல உருண்டு திரண்டு வரும். மரமோ நார் ஓடும் திசையில் நீளநீளமாகப் பிளக்கும். கலைஞர்கள் கண்ட வழி எளிமையானது: பலகையை நீளவாக்கில் நசுக்கிக் குட்டையாக்கு, அப்போது வெட்டு, பிறகு பழைய நீளத்துக்கு இழு. சில்லுகளும் கூடவே நீண்டு, கூரான சிம்புகளாகிவிடும். நாரைப் பற்றி கணினிக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கண்ணுக்கு அது மரம்.

இதையெல்லாம் படித்து வாசகர் வியப்படையத் தேவையில்லை. அவர் ஊர்ப்பக்கம் இதே வேலை இரும்பில் நடக்கிறது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், மலேசியாவிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டது, அன்று பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்த பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில். செம்பனைக் கொட்டையை ஆலை எப்படி உடைக்கிறது என்று பாருங்கள். குலை வந்தவுடன் யாரும் அதைச் சம்மட்டியால் அடிப்பதில்லை. முதலில் அழுத்த நீராவியில் வேகவைக்கிறார்கள். பழத்திலிருந்து எண்ணெய் பிழிந்த பிறகு கொட்டையை உலர்த்துகிறார்கள். உள்ளே பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகுகிறது. அதன்பிறகே, சுழலும் தண்டுகளுக்கும் வரிவரியான தகட்டுக்கும் நடுவே கொட்டை போகிறது. ஓடு நொறுங்கும், பருப்பு முழுசாக வரும். உடைப்பதற்கான வேலையில் பாதி, அடி விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பெட்டியும் அப்படித்தான்: பலகை தூளாகும், உள்ளிருக்கும் மருந்துப்புட்டிக்குக் கீறல் விழாது.

ஒப்புமை இன்னும் போகும். ஆலையில் காற்றோட்டம் லேசான ஓட்டுத்தூளை ஊதிப் பிரிக்கிறது. கேமிலும் பெரிய துண்டுகளுக்கே எடையும் மோதலும் உண்டு, பொடிச் சில்லுகள் வெறும் படங்கள். ஆலையில் மிஞ்சிய ஓடு கொதிகலனுக்குப் போய், அடுத்த குலையை வேகவைக்கும் நீராவியாகத் திரும்புகிறது. கேமில் தரையில் கிடக்கும் சிம்புகள் மெல்ல மறைந்து, அவை பிடித்திருந்த நினைவகம் அடுத்த பெட்டியின் சிம்புகளுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஆகவே "அச்சு அசல் இயற்பியல்", "எதையும் உடைக்கலாம்" என்ற விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். உண்மைப் பொருளில் நுண்ணிய கீறல்களிலிருந்தே முறிவு தொடங்குகிறது என்று ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் விளக்கினார். சாதாரணக் கேம் பெட்டிக்குள் அந்தக் கணக்கு கிடையாது. விதிவிலக்குகள் உண்டு: 2001இல் 'ரெட் ஃபேக்‌ஷன்' சுவரையும் பாறையையும் ஆட்டத்தின் நடுவிலேயே குடையவிட்டது, 'டியர்டவுன்' தன் உலகத்தையே சின்னச் சின்னக் கனசதுரங்களால் கட்டியது. மலேசியாவின் பேஷன் ரிபப்ளிக் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'கிகாபாஷ்' விளையாட்டில் நகரக் கட்டடங்கள் நொறுங்குவதே பாதிக் கொண்டாட்டம். எதைப் பார்த்தாலும், இதில் எவ்வளவு அங்கேயே கணக்கிட்டது, எவ்வளவு முன்கூட்டியே வெட்டிவைத்தது என்று கேட்பது நல்லது.

இன்னொரு வகைப் பெட்டிக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம். அதை அடித்து உடைக்க முடியாது. காசு கொடுத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று முன்பே தெரியாது. திறக்கும்போது சக்கரம் சுழல்கிறது, ஒளி மின்னுகிறது, அரிய பரிசு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவுகிறது. பொத்தானை அழுத்தியதுமே பரிசு இன்னது என்று கணினி தீர்மானித்துவிடுகிறது. சுழற்சி முழுக்க ஒப்பனை. மரப்பெட்டியில் இதே உத்தி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இங்கே பிள்ளையின் ஆசையைத் தூண்டி மறுபடியும் காசு கேட்கிறது. சில கேம்களில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. எந்தப் பரிசு எத்தனை விழுக்காடு வாய்ப்பில் கிடைக்கும் என்பதைக் காட்டியாக வேண்டும் என்று சீனாவும், தன் செயலிக் கடைக்குள் ஆப்பிள் நிறுவனமும் 2017இல் விதி கொண்டுவந்தன.

எனவே பெஸ்தாரி ஜெயா வாசகருக்கும், ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பிள்ளை வளர்க்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகன் மரப்பெட்டியை உடைத்தால் உடைக்கட்டும். பெட்டி பணம் கேட்டால், அந்த விழுக்காட்டுப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவனையே தேடிக் காட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதிக்கு இன்றே கடவுச்சொல் போடுங்கள்.