தங்கம் தேடிய ஊர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கருக்காக்குறிச்சியில் 1898-ஆம் ஆண்டு 501 ரோமானியத் தங்கக் காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அது கடல் கடந்த வணிகம் கொண்டுவந்து சேர்த்த தங்கம். எங்கள் மாவட்டத்து மண்ணில் வெட்டி எடுத்தது அன்று. பொருளியல் கற்பித்த நாள்களில் இதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். ஊக வணிகத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ஹாலந்தின் துலிப் மலர்களையும் லண்டனின் தென்கடல் நிறுவனத்தையும் சொல்வேன். அதே பாடத்தைச் சொல்லும் ஊர் தமிழ்நாட்டிலேயே இருப்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னரே நேரில் கண்டேன்.

நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டத்தில் உள்ள தேவாலாதான் அந்த ஊர். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மழை மிகுந்த ஊர்களில் ஒன்று. சிறு கடைவீதி, பேருந்து நிறுத்தம், சுற்றிலும் தேயிலை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் பங்குச் சந்தை இவ்வூரின் பெயரை உச்சரித்துக் கொண்டிருந்தது என்றால் எளிதில் நம்ப முடியாது.

இப்பகுதியின் ஓடைகளில் பொன் துகள் கிடைப்பதைப் பனியர், குறும்பர் உள்ளிட்ட பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மண்ணை அலசிப் பொன்னைப் பிரிக்கும் திறன் அவர்களிடம் இருந்தது. 1874-இல் 'ஆல்ஃபா' என்ற நிறுவனம் பாறையை வெட்டிப் பொன்னெடுக்க முனைந்தது. 1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைந்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத் துறையில் பணியாற்றிய பிரோ ஸ்மித் இங்கு ஆய்வுக்கு வரவழைக்கப்பட்டார். அவருடைய நம்பிக்கை மிகுந்த அறிக்கை லண்டனில் பரபரப்பை மூட்டியது.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நாற்பது நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் அறிவிக்கப்பட்ட மூலதனம் சுமார் 50 லட்சம் பவுன். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் வயநாட்டின் காப்பித் தோட்டங்கள் இலை நோயாலும் தண்டுத் துளைப்பானாலும் நலிந்து கிடந்தன. காப்பி விளையாத தோட்டங்கள் பொன் விளையும் நிலங்களாகப் பெயர் மாறி நிறுவனங்களுக்குப் பெரும் விலைக்குக் கைமாறின. திரட்டிய பணத்தில் கணிசமான பகுதி நிலத்தை விற்றவர்களுக்கும் நிறுவனங்களைத் தொடங்கி வைத்த தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சுரங்கம் தோண்ட எஞ்சியது குறைவு.

எஞ்சியதும் முறையாகச் செலவிடப்படவில்லை. பாறையில் எவ்வளவு பொன் இருக்கிறது என்று உறுதி செய்வதற்கு முன்பே பாறையை இடித்துப் பொடியாக்கும் கனரக இயந்திரங்கள் கப்பலேறி வந்தன. மலைப் பாதையில் அவற்றை ஏற்றிக்கொண்டு வருவதே பெரும்பாடாயிற்று. இடித்துப் பார்த்தபோது கிடைத்த பொன் செலவுக்குக் கட்டவில்லை. பங்கு விலைகள் சரிந்தன. பெரும்பாலான நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே காணாமல் போயின.

ஏறத்தாழ அதே காலத்தில் கோலாரிலும் நிறுவனங்கள் பொன் தேடித் தடுமாறிக் கொண்டிருந்தன. அங்கு 1880-களின் நடுப்பகுதியில் வளமான பொன்னடுக்கு அகப்பட்டது. தமிழகத்திலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் சென்று உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்படும் வரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. தேவாலாவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை.

தேயிலைச் சரிவுகளுக்கு இடையே பழைய சுரங்க வாய்கள் இன்றும் இருக்கின்றன. செடி மூடிய குழி ஒன்றை உள்ளூர் முதியவர் ஒருவர் எட்ட நின்று காட்டினார். அருகில் செல்லவேண்டாம் என்று கையைப் பற்றி நிறுத்தினார். அவருடைய பாட்டனார் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவராம். ஊரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. 'நம்ம ஊர்ப் பக்கம் மழை உண்டா, ஐயா?' என்று மட்டும் கேட்டார்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவ்வாறு வந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1968-இல் தமிழக அரசின் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய 'டான்டீ' அதன் தொடர்ச்சி. நட்டத்தில் இயங்கும் அந்நிறுவனத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத் துறையிடம் திரும்ப ஒப்படைக்க 2022-இல் முடிவு செய்யப்பட்டபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் குடும்பங்கள் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தது.

நில உரிமையும் இங்கு பழைய சிக்கல். இப்பகுதி நிலங்களில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக இருந்தது. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் 17-ஆவது பிரிவின்கீழ் வரும் நிலங்களில் வாழ்வோர் பட்டாவுக்காகக் காத்திருக்கின்றனர். பட்டா இல்லையென்றால் வங்கிக் கடன் இல்லை. மின் இணைப்புக்கும் அலைய வேண்டும்.

வேலை நிலையற்றது, நிலம் சொந்தமில்லை, தங்கத்தின் விலையோ நாளும் ஏறுகிறது. இந்நிலையில் சிலர் கைவிடப்பட்ட குழிகளுக்குள் இறங்கிக் கள்ளத்தனமாகப் பொன் தேடுவதில் வியப்பில்லை. மண் சரிந்து உயிரிழந்தவர்கள் உண்டு. பொன்னைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் ஓடைகளில் கலந்தால் அதன் கேடு தலைமுறைகளுக்கு நீளும். அன்று லண்டனில் பங்கு வாங்கியவர் இழந்தது பணத்தை; இன்று குழிக்குள் இறங்குபவர் பணயம் வைப்பது உயிரை.

காவல் துறையின் கைது நடவடிக்கை மட்டும் இதற்குத் தீர்வாகாது. பழைய சுரங்கங்கள் அனைத்தையும் அளந்து வரைபடமாக்கி, வேலியிட்டோ நிரப்பியோ பாதுகாக்க வேண்டும். வனத்தைக் காப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அங்கு அரை நூற்றாண்டாக உழைத்தவர்களுக்குக் குடியிருக்க ஓர் இடத்தை உறுதி செய்வதும். இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தாத நிலக் கொள்கையை அரசு வகுத்தாக வேண்டும்.

பொன்னுக்காக வந்த நிறுவனங்கள் நட்டக் கணக்கை எழுதிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டன. தேயிலைக்காக வந்தவர்களுக்குப் போவதற்கு வேறு ஊர் இல்லை. நம்ம ஊரில் மழை உண்டா என்று கேட்ட அந்த முதியவருக்கும் தேவாலாதான் ஊர். அதைப் பட்டாவில் எழுதித் தருவது அரசின் கடமை.