அமெரிக்க ஓவியத்தின் இளமைக்காலம்

ஓவியக்கலை அரண்மனையிலும் ஆலயத்திலும் வளர்வதென்பர். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வடபுலங்களில் இவ்விரண்டும் அதற்குத் துணைநின்றில. அரசவை அங்கில்லை, பியூரித்தன் சமயத்தாரோ தொழுமிடத்திற் படம் வைத்தலைப் பிழையெனக் கொண்டனர். எஞ்சியது ஆளோவியம் ஒன்றே. மனைவி மக்களின் சாயலை வீட்டில் வைத்துப் போற்ற விரும்பிய வணிகனே ஆங்குப் புரவலன். 1670களிற் பொஸ்ரனில் எழுதப்பெற்ற எலிசபெத் பிறீக், அவர்தங் குழந்தை மேரி ஆகியோரின் படம் இன்றும் உளது. எழுதியவர் பெயர் இலது.

இம்மரபில் வந்தவர் ஜோன் சிங்கிள்ரன் கொப்லி. 1738 இற் பொஸ்ரனிற் பிறந்தவர். இவர் தாயை மறுமணஞ் செய்தவர் செப்புத்தகட்டுச் சித்திரம் வல்ல பீற்றர் பெல்ஹாம். அவரும் 1751 இல் இறந்தமையாற் கொப்லிக்குக் கிட்டிய பயிற்சி மிகச் சிறிதே. ஐரோப்பியப் பேரோவியங்களைப் பெரும்பாலும் அச்சுப்படங்களிலே கறுப்பு வெள்ளையாகக் கண்டார். வண்ணத்தைத் தாமே தேடிக்கொண்டார். தச்சு, தையல், செருப்புத் தொழில் ஆகியவற்றோடு ஒருங்குவைத்தே தம் ஊரார் ஓவியத்தை எண்ணுகின்றனரெனக் கடிதமொன்றில் மனம் நொந்து எழுதினார்.

1765 இல் தம் தாய் வயிற்றுத் தம்பி ஹென்றியை, மினுக்கிய மேசையருகே, பொற்சங்கிலியிற் பிணித்த பறக்கும் அணிலோடு எழுதி, இலண்டனுக்கு அனுப்பினார். மறுவருடம் அது காட்சியில் வைக்கப்பெற்றது. யோசுவா றெனோல்ட்ஸ் அதனைப் பாராட்டினார். எனினும் வரைவு கடினம், நுணுக்கம் மிகை என்றார். பொஸ்ரன் வாசம் கையைக் கெடுக்குமுன் ஐரோப்பா வருக என்பது அவர் அறிவுரை. பென்சில்வேனியாவிற் பிறந்து இலண்டனில் அரசனின் ஓவியராய் உயர்ந்த பெஞ்சமின் வெஸ்ற்றும் அவ்வாறே அழைத்தார். இளைய அமெரிக்க ஓவியர் பலர் பயின்றது அவ்வெஸ்ற்றின் இல்லத்திலேயாம். ஒரு நாட்டின் ஓவியப் பள்ளி கடலுக்கப்பால் இருந்ததென்க!

கொப்லி எட்டாண்டு தயங்கினார். அத்தயக்கமே நமக்கு ஊதியமாயிற்று. 1768 இல் வெள்ளித் தட்டான் போல் றெவியரை எழுதினார். மேலங்கியில்லை, வெறுஞ் சட்டை. இடக்கையிலே தேநீர்க்கேத்தல், மேசைமேற் கருவிகள், மோவாயைத் தாங்கிய வலக்கை. கைவினைஞனென இகழப்பட்ட ஒருவர் மற்றொரு கைவினைஞனை, தொழிலை மறையாது, பெருமிதத்தோடு நிறுத்திய படம் இது. வெள்ளியின் பளபளப்பும் நகக்கண்ணும் ஒத்த கருத்தோடு எழுதப்பட்டுள. இலண்டன் குற்றமெனச் சுட்டிய நுணுக்கமே ஈண்டு உயிர்.

1773 இற் பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலை கடலிலெறியப்பட்டது. அச்சரக்கைப் பெறவிருந்த வணிகருள் ஒருவர் கொப்லியின் மாமனார். மறுவருடம் கொப்லி கப்பலேறினார், மீளவில்லை. இலண்டனிலே பெரிய வரலாற்றுப் படங்கள் பல எழுதினார். 1778 இல் எழுதிய 'வற்சனும் சுறாவும்' மெய்யாகவே ஆற்றல் மிக்கது. ஆயினும் கை நெகிழ நெகிழப் பழைய கண் மங்கிற்றென்பதே எம் கருத்து. 1815 இல் இலண்டனிலே மறைந்தார். அணிற் படமும் றெவியர் படமும் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் உள.