நிலத்துக்கடியில் எண்ணெய், மேலே இருட்டு

ஜோகூருக்குப் புறப்படும் சிங்கப்பூர்க் கார்களின் தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருந்தாக வேண்டும். 1991 முதல் இதுதான் விதி. புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டினால் உட்லண்ட்ஸ் கடற்பாலம் அதிகத் தொலைவில் இல்லை. அதனால் எல்லை கடக்கும் ஓட்டுநர்களுக்கு அப்பர் புக்கிட் தீமா சாலைப் பக்கத்துப் பெட்ரோல் நிலையங்கள் நன்கு பழக்கமானவை. வண்டியை நிறுத்தி, நிரப்பி, அட்டையைத் தட்டிவிட்டுக் கிளம்ப ஐந்து நிமிடம் ஆகும். கரண்ட் போய்விட்டால்?

ஒரு சொட்டுக்கூட வராது. பல்லாயிரம் லிட்டர் எரிபொருள் வாகனங்கள் நிற்கும் தளத்துக்குக் கீழே, நிலத்தடித் தொட்டிகளில் கிடக்கிறது. அதை மேலே ஏற்றுவது மின்மோட்டார். அளந்து காட்டுவதும் விலையைக் கணக்கிடுவதும் மின்னணுக் கருவிகள். பணம் வாங்கும் இயந்திரத்துக்கும் தொட்டியில் கசிவு உண்டா என்று கண்காணிக்கும் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாளியும் கயிறும் இல்லாத வீட்டின் நிலைதான்.

புயலோ நிலநடுக்கமோ வந்த மறுநாள் இது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. மருத்துவமனை ஜெனரேட்டர் டீசலில் ஓடுகிறது. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் மாற்று மின்சாரத்துக்குப் பல இடங்களில் டீசல்தான் துணை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, அறுந்த கம்பியைக் கட்டப் போகும் மின்பணியாளரின் லாரி எல்லாம் எரிபொருளுக்காக வந்து நிற்க வேண்டிய இடம், தானே மின்சாரமில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெட்ரோல் நிலையம்.

2005 அக்டோபரில் வில்மா சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியபோது நடந்தது இதுவே. எண்ணெய் இருந்தது, இறைக்க வழியில்லை. மறு ஆண்டே அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. நெடுஞ்சாலைகளையும் மக்கள் வெளியேறும் பாதைகளையும் ஒட்டியுள்ள பெரிய நிலையங்களில், வெளியிலிருந்து ஜெனரேட்டரைக் கொண்டுவந்து உடனே இணைக்கும்படி மின்கம்பி அமைப்பும் மாற்றுச் சுவிட்சும் முன்கூட்டியே பொருத்தப்பட வேண்டும் என்றது அச்சட்டம். நியூயார்க் அந்தப் பாடத்தைக் கற்க 2012 வரை காத்திருந்தது. அந்த அக்டோபர் இறுதியில் சாண்டி சூறாவளி வீசியபின் நியூயார்க், நியூ ஜெர்சி வட்டாரத்தில் ஏராளமான நிலையங்கள் மூடிக் கிடந்தன. வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எரிபொருள் கொடுத்தார்கள். மின்வெட்டு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. துறைமுக எண்ணெய்க் கிடங்குகளும் சேதமடைந்திருந்தன. ஆனாலும் 2013இல் நியூயார்க்கும் ஃபுளோரிடாவின் வழிக்கே வந்தது.

இவ்விரு இடங்களையும்விட ஜப்பான் எடுத்த முடிவு தெளிவானது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, வடகிழக்குக் கரையோரத்தில் கையால் சுழற்றும் பம்புகளைக் கொண்டு எண்ணெய் இறைத்தார்கள். பின்னர் அரசு மானியம் கொடுத்து, நாடெங்கும் ஆயிரக்கணக்கான நிலையங்களில் சொந்த ஜெனரேட்டர் வைக்கச் செய்தது. பேரிடரின்போது எந்தெந்த நிலையங்களுக்குப் போகலாம் என்று பொதுமக்கள் பார்த்துக்கொள்ளப் பட்டியலும் வெளியிட்டது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி விடிகாலை நிலநடுக்கத்தால் ஹொக்கைடோ தீவு முழுவதும் இருண்டது. ஏறத்தாழ 29 லட்சத்து 50 ஆயிரம் வீடுகளில் மின்சாரம் இல்லை. சொந்த ஜெனரேட்டர் இருந்தால்தான் நிலையத்தைத் திறக்க முடியும் என்ற நிலை அன்று மீண்டும் வந்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. அங்கே பெட்ரோல் பங்க் நடத்துகிறவர்களுக்குச் சட்டம் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. மின்வெட்டே சொல்லித் தந்தது. பல ஆண்டு மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க வாங்கிய ஜெனரேட்டர் பெரும்பாலான பங்க்குகளில் ஒரு மூலையில் நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் சிலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. ஊர்மக்கள் பணம் போட்டு வாடகை ஜெனரேட்டர் பிடித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் போட்டதும் அப்படித்தான். அத்தனைக்கும் டீசல் வேண்டியிருந்தது.

பெட்ரோல் நிலையத்துக்குத் தேவையான மின்சாரம் பெரிதொன்றுமில்லை. தொட்டிக்குள் இறங்கியிருக்கும் பம்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கொண்டது. விளக்கையும் கணினியையும் சேர்த்தாலும் நடுத்தர ஜெனரேட்டர் ஒன்று போதும். அதற்கான டீசலும் அங்கேயே இருக்கிறது. செலவைவிடக் கவனம்தான் அதிகம் தேவை. எரிபொருள் ஆவி தேங்கும் இடத்திலிருந்து ஜெனரேட்டர் விலகியிருக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அவசரத்தில் கம்பியை இணைத்தால், மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, பழுதுபார்க்க ஏறியவரைக் கொன்றுவிடும். தரைத்தளத்துக்குக் கீழே வைப்பதும் ஆபத்து. 2011இல் ஃபுக்குஷிமா அணுவுலையின் அவசர ஜெனரேட்டர்களை முடக்கியது உள்ளே புகுந்த கடல்நீர்தான்.

சிங்கப்பூரில் புயலும் இல்லை, பெரும் நிலநடுக்கமும் இல்லை. உலகிலேயே மிகக் குறைவாக மின்சாரம் தடைப்படும் நகரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2004 ஜூன் 29 அன்று அந்த வரத்து தடைப்பட்டபோது சுமார் 3 லட்சம் வாடிக்கையாளர்கள் இருட்டில் தவித்தார்கள். 2018 செப்டம்பர் 18 நள்ளிரவு தாண்டி 1.18 மணிக்கு இரண்டு நிறுவனங்களின் மின்னுற்பத்தி இயந்திரங்கள் அடுத்தடுத்து நின்றன. வீடுகளும் கடைகளுமாக ஒன்றரை லட்சம் இணைப்புகள் வரை பாதிக்கப்பட்டன. 38 நிமிடங்களில் எல்லாம் சரியானது. பாராட்ட வேண்டிய வேகம் அது. புக்கிட் பாஞ்சாங் மக்களோ சிறிய அளவில் இதைப் பலமுறை அனுபவித்திருக்கிறார்கள். 1999இல் ஓடத் தொடங்கிய அவர்களுடைய எல்ஆர்டி ரயில் மின்கோளாறால் நின்ற நாள்கள் பல. 2016 ஏப்ரல் 25 மாலை எம்ஆர்டி தடங்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன.

2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாற வேண்டும், 2030க்குள் 60,000 மின்னேற்ற முனைகள் வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் மின்சாரம் போனால் மின்னேற்ற முனையும் பெட்ரோல் பம்பைப் போலவே ஊமையாகிவிடும். ஆகவே இந்தக் கேள்வி மின்வாகனத்தோடு மறைந்துவிடாது.

எல்லா நிலையங்களும் ஜெனரேட்டர் வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. வட்டாரத்துக்கு ஒன்றிரண்டு நிலையங்கள் தயாராக இருந்து, அவை எவை என்பது குடியிருப்பாளர்களுக்கும் அவசர சேவைகளுக்கும் முன்பே தெரிந்திருந்தால் போதும். கடற்பாலச் சாலைக்கும் விரைவுச்சாலைக்கும் அருகிலுள்ள புக்கிட் பாஞ்சாங் அதற்குப் பொருத்தமான இடம். இவ்வட்டார வாசகர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கப் போகும்போது, இங்குள்ள நிலையங்களில் எது மின்தடையின்போதும் இயங்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுவைக்க வேண்டும்.