இலட்சத்தீவின் பருவங்களும் கூட்டுறவின் கடமையும்

மணிமங்கலத்து உழவருக்கு மழை என்பது வாழ்வின் தொடக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் ஊர் மகிழும். மழை வந்ததும் வழியடைபடும் மக்களும் நம் நாட்டில் உளர். அவர்களே இலட்சத்தீவு மக்கள்.

அரபிக்கடலில், கொச்சிக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் இத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே. பத்துத் தீவுகளில் ஊர்கள் உள. 1956 நவம்பர் வரை இவை நம் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்திருந்தன என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார்.

வைகாசி தொடங்கி ஆவணி முடியத் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்குகிறது. பண்டைக்காலத்தில், தென்னம் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த ஓடங்களில் கொப்பரையையும் கயிற்றையும் ஏற்றி மங்களூருக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்வர், அரிசியோடு மீள்வர். மழைக்காலம் நெருங்கியதும் ஓடங்களைக் கரையேற்றிவிடுவர். பின் நான்கு மாதம் இருப்பதை உண்டு வாழ வேண்டியதே. மினிக்காய்த் தீவிலும் சூரை மீன்பிடிப்பு அடங்கும். மாசிக் கருவாடு செய்வதும் நிற்கும். தென்னை மட்டையை உப்புநீரில் பல மாதம் ஊறவைத்து, அடித்து நாராக்கிக் கயிறு திரிப்பது பெண்டிர் தொழில்.

குடிநீருக்கும் பருவமே துணை. ஆறு, ஏரி எதுவும் அங்கில்லை. மணலில் இறங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது; மிகுதியாக இறைத்தால் கிணறு உப்பாகிவிடும். 2005ஆம் ஆண்டு கவரத்தியில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை அமைத்தது.

இன்று பெருங்கப்பல்கள் உள. 1988 முதல் அகத்தியில் விமான நிலையமும் உண்டு. ஆயினும் மழைக்காலத்தில் பயணங்கள் குறைகின்றன. சிறு சரக்குக் கலங்கள் நின்றுவிடுகின்றன. ஆகவே அரிசியும் பிற பண்டங்களும் முன்னதாகவே கிடங்கில் சேர்க்கப்பட வேண்டும்.

நிற்க. முற்காலத்தில் கரைநாட்டு வணிகர் முன்கடன் தந்து, கொப்பரையைத் தாம் சொன்ன விலைக்கே கொண்டனர். 1962இல் தொடங்கிய கூட்டுறவு இயக்கம் கொப்பரையைக் கொள்வதையும் பண்டங்களை விற்பதையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. பருவத்தைத் தடுக்கச் சங்கத்தால் இயலாது. பருவத்தைக் காட்டி விலை பேசுவோரைத் தடுக்க இயலும்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. அடைமழையில் தெருவில் பாவோட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். ஐப்பசியில் நூலும் கைப்பொருளும் இல்லாத நெசவாளர் தனியாரிடம் முன்பணம் வாங்குகிறார். தீபாவளி கழிந்தும் அக்கட்டு அவிழ்வதில்லை. சம்பாவுக்கு உரம் காலத்தில் கிட்டாத உழவர் நிலையும் அதுவே.

எனவே ஆடி மாதத்திலேயே தேவைப்பட்டியலைச் சங்கத்தில் தருக. ஆவணிக்குள் சரக்கு கிடங்கேற வேண்டும். அதற்குச் சங்கத்தின் கையில் பணம் வேண்டும். அப்பணமோ உறுப்பினர் நிலுவையில் முடங்கிக் கிடக்கிறது. தவணை தவறாமற் செலுத்துவோமாயின், மழைக்கு முன் நம் கிடங்கும் நிரம்பும்.